சிறுவியாபார இணையத்தளத்துக்குத் தேடல் சொற்களைத் தெரிவது எப்படி? பூநகரி வியாபாரிகளுக்கான முழுமையான வழிகாட்டி

பூநகரியில் மொட்டைக்கறுப்பன் அரிசி விற்கிறவரும், கௌதாரிமுனையில் தங்குமிடம் நடத்துகிறவரும், நாச்சிக்குடாவில் கருவாடு போடுகிறவரும் இன்று பெரிய செலவில்லாமல் ஆளுக்கொரு இணையத்தளம் திறந்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. தளம் இருக்கும், படம் இருக்கும், போன் நம்பரும் இருக்கும். ஆனால் யாரும் வரமாட்டார்கள்.

பேஸ்புக்கில் போடும் படம் இரண்டொரு நாளில் கீழே போய்விடுகிறது. அதைப் பார்த்தவர் அந்த நேரம் அரிசி தேடிக்கொண்டிருந்தவரும் அல்ல. கூகுளில் ‘மொட்டைக்கறுப்பன் அரிசி எங்கே வாங்கலாம்’ என்று தட்டுகிறவரோ பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடையைத் தேடுகிறவர். அவரை உங்கள் தளத்துக்குக் கூட்டிவருவது அவர் தட்டுகிற அந்தச் சொல்தான். அதையே தேடல் சொல் என்கிறோம். தொழிலில் உள்ளவர்கள் கீவேர்ட் என்பார்கள்.

இந்த வழிகாட்டியின் சாரம் ஒரு வரிதான்: உங்கள் பொருளுக்கு நீங்கள் வைத்த பெயர் முக்கியமல்ல, வாங்குகிறவர் வாயில் வரும் பெயரே முக்கியம். அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பது, எடைபோடுவது, தளத்தில் சரியான இடத்தில் வைப்பது ஆகியவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம். ஒரு போன், ஒரு கொப்பி, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

தொடங்குமுன்: சின்னச் சொல்லா, நீளச் சொல்லா?

தேடல் சொல் ஒரு சொல்லாகவும் இருக்கலாம், முழு வசனமாகவும் இருக்கலாம். மூன்று அளவைப் பாருங்கள்:

• அரிசி
• மொட்டைக்கறுப்பன் அரிசி
• பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி கொழும்பு டெலிவரி

முதலாவதைத் தட்டுகிறவருக்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அரிசி விலைச் செய்தியாக இருக்கலாம், சமையற் குறிப்பாக இருக்கலாம். அந்தச் சொல்லுக்கு முதற்பக்கத்தில் நிற்பவை செய்தி நிறுவனங்களும் விக்கிப்பீடியாவும் பெரிய கடைகளும்தான். மூன்றாவதைத் தட்டுகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் தட்டுகிற ஒவ்வொருவரும் ஓடர் கொடுக்கும் நிலையில் இருப்பவர். புதிய தளம் மூன்றாவதில் தொடங்கி மெல்ல மெல்ல இரண்டாவதுக்கு ஏறவேண்டும். முதலாவதை விட்டுவிடலாம்.

ஊர்ப் பெயரும் தனியே நின்றால் உதவாது. ‘பூநகரி’ என்று மட்டும் தேடுகிறவர் 1993 நவம்பரில் நடந்த படைமுகாம் தாக்குதலைப் பற்றி வாசிக்க விரும்பலாம். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையைத் தேடலாம். 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகிய செய்தியைத் தேடலாம். அவர்களில் எத்தனை பேருக்கு அரிசி வேண்டும்? ஊர்ப் பெயரோடு பொருளும் தேவையும் சேர்ந்தால்தான் அது வியாபாரச் சொல்.

படி 1: வாங்குகிறவரைக் கூறுபோடுங்கள்

ஒரே பொருளை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு மொழியில் தேடுகிறார்கள். கொப்பியில் ஒரு பக்கத்தைப் பிரித்து இவர்களைத் தனித்தனியாக எழுதுங்கள்.

உள்ளூரவர்: பூநகரி, முழங்காவில், பரந்தன், கிளிநொச்சியில் இருப்பவர்கள். இவர்கள் பெரும்பாலும் கூகுள் வரைபடத்தில், ‘கிட்ட இருக்கிற’ கடையைத்தான் தேடுவார்கள்.

யாழ்ப்பாணம், கொழும்பில் இருப்பவர்கள்: 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணம் பூநகரிக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. இவர்களுக்கு வேண்டியது பொருளும் டெலிவரியும்.

புலம்பெயர்ந்தவர்கள்: கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ் நாடுகளில் இருப்பவர்கள். பெற்றோர் தமிழில் தட்டுவார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் தட்டுவார்கள். அங்கிருந்து காசு கட்டி, இங்குள்ள அம்மா அப்பாவுக்குப் பொருள் கொடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் இந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒரு தனிப் பிரிவு. அவர்களுடைய தேடல் சொல்லும் வேறு.

பயணிகள்: ஏ32 வீதியால் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறவர்கள், கோட்டையையும் கௌதாரிமுனைக் கடற்கரையையும் பார்க்க வருகிறவர்கள். தெற்கிலிருந்து வருகிறவர்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தேடுவார்கள்.

ஏற்றுமதியாளர்கள்: கடலட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அதைச் சாப்பிடுகிறவர் இல்லை. அது சீனா, ஹொங்கொங் பக்கம் போகிற பொருள். வாங்குகிறவர் அதன் ஆங்கிலப் பெயரையும் இனத்தையும் காய்ந்த அட்டையின் அளவையும் போட்டுத்தான் தேடுவார். ‘கடலட்டை’ என்ற தமிழ்ச் சொல்லை எவ்வளவு அழகாகத் தளத்தில் வைத்தாலும், வரப்போகிறவர்கள் அட்டைப் பண்ணைச் செய்தி வாசிப்பவர்களே தவிர வியாபாரிகள் அல்லர்.

இந்த ஐந்து கூட்டத்தில் உங்களுக்கு உரியவை எவை? இரண்டைத் தெரிவுசெய்யுங்கள். எல்லோருக்கும் விற்கப் பார்க்கும் தளம் யாருடைய தேடலுக்கும் பொருந்தாமல் போகும்.

படி 2: சொற்களை உங்கள் போனிலிருந்தே பொறுக்குங்கள்

முதல் தரமான தேடல் சொற்கள் எந்த மென்பொருளிலும் இல்லை. அவை உங்கள் வட்ஸ்அப்பில் ஏற்கெனவே கிடக்கின்றன. கடந்த சில மாத உரையாடல்களை மேலே தள்ளிப் பாருங்கள். இப்படியான வரிகள் அகப்படும்:

“அண்ணை, மொட்டைக்கறுப்பன் இப்ப இருக்கோ? 5 கிலோ கொழும்புக்கு அனுப்ப ஏலுமோ?”

“அக்கா, புட்டுக்கு வறுத்த மா இருக்கே?”

“அம்மாக்குச் சீனி வருத்தம். அவவுக்கு ஏத்த அரிசி எது?”

முதல் வரியில் பொருளும் அளவும் இடமும் இருக்கின்றன. இரண்டாவதில் அவர் கேட்பது அரிசியை அல்ல, மாவை. அதுவும் எதற்கு என்று சொல்லிக் கேட்கிறார். ‘வறுத்த புட்டு மா’ என்று தனிப் பக்கம் வேண்டும் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. மூன்றாவது வரியில் இன்னொரு பாடம் உண்டு. பொதியில் நீங்கள் ‘நீரிழிவு’ என்று அச்சடித்திருப்பீர்கள். அவரோ சீனி வருத்தம் என்கிறார். இன்னொருவர் சலரோகம் என்பார். இந்தியாவிலிருந்து தேடுபவர் சுகர் என்பார். ஒரே நோய்க்கு நான்கு தேடல் சொற்கள்.

ஆனால் இங்கே கவனம். நோயைக் குணமாக்கும் என்று எழுதாதீர்கள். அது நேர்மையும் அல்ல, வியாபாரத்துக்கு நல்லதும் அல்ல. உடல்நலம் சார்ந்த பக்கங்களைக் கூகுள் மற்றவற்றைவிடக் கடுமையாக எடைபோடுகிறது. தவிடு நீக்காத அரிசி என்ற உண்மையைச் சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போனில் பேசுகிறவர்கள் கேட்கும் கேள்வியையும் அவர்கள் சொன்னபடியே எழுதிவையுங்கள். திருத்த வேண்டாம். கடைக்கு வருகிறவரிடம் “எங்களை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?” என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

படி 3: எழுத்து வேறுபாடுகளை ஒரு பட்டியலில் போடுங்கள்

தமிழ் வியாபாரிக்கு உள்ள தனித் தலையிடி இது. ‘மொட்டைக்கறுப்பன்’ என்று நாம் எழுதுகிறோம். ‘மொட்டைக்கருப்பன்’ என்று தட்டுகிறவரும் உண்டு. ‘மொட்டை கருப்பன்’ என்று ஒற்றை விட்டு, இடைவெளி போட்டுத் தட்டுகிறவர் இன்னும் அதிகம். போனில் தட்டுகிறவர் புணர்ச்சி பார்க்கமாட்டார். இறாலை றால் என்பார்கள். கௌதாரிமுனை, கவுதாரிமுனை ஆகிவிடும். ஆங்கிலத் தேடலில் எழுத்துப் பிழையைக் கூகுள் தானே திருத்திப் புரிந்துகொள்ளும். தமிழில் எப்போதும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களிடம் வேறுபாடு இன்னும் கூடும். பூநகரிக்கு ஆங்கில வரைபடங்களில் ‘பூநெரின்’ என்ற பெயர். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் எழுதுவது ‘கே’ போட்டு ‘வை’யில் முடியும் பூநகரி. மக்கள் தட்டுவதில் ‘ஜீ’ வரும், ‘ஐ’யில் முடியும், தொடக்கத்தில் இரண்டு ‘ஓ’வுக்குப் பதில் ஒரு ‘யூ’வும் வரும். மொட்டை என்பதை நம்மவர் சிலர் இரண்டு ‘டீ’ போட்டு எழுதுவார்கள். தமிழ்நாட்டார் இரண்டு ‘ரீ’ போடுவார்கள்.

இத்தனையையும் தளத்தில் கொட்டக்கூடாது. செய்யவேண்டியது இவ்வளவுதான்:

• தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு வடிவத்தைத் தெரிந்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.
• அதிகம் புழங்கும் இன்னொரு வடிவத்தைப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை இயல்பாகச் சொல்லுங்கள்.
• ஆங்கிலப் பக்கம் இருந்தால் வரைபடப் பெயரையும் மக்கள் எழுதும் பெயரையும் முதற் பந்தியிலேயே சேர்த்துவிடுங்கள். சுற்றுலாப் பயணிக்கு முதலாவதுதான் தெரியும். ஊர்க்காரரின் பிள்ளைக்கு இரண்டாவதுதான் தெரியும்.

ஊர்ப் பெயர்கள் மோதுவதையும் பாருங்கள். பூநகரியிலும் நல்லூர் உண்டு. ஆனால் ‘நல்லூர் தங்குமிடம்’ என்று தேடுகிறவர் முருகன் கோவிலுக்கு யாழ்ப்பாணம் போகிறவர். அப்படி மோதும் இடங்களில் ‘பூநகரி’யைச் சேர்க்காமல் எழுதவே கூடாது.

படி 4: கூகுளிடமே கேளுங்கள்

இப்போது கொப்பியில் நாற்பது ஐம்பது சொற்கள் சேர்ந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கூகுளில் போட்டுப் பாருங்கள். உங்கள் பழைய தேடல்கள் முடிவைக் குழப்பாதபடி உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் தேடுவது நல்லது.

முதலில், சொல்லை முழுவதும் தட்டாமல் பாதியில் நிறுத்துங்கள். கீழே விழும் பரிந்துரைகள் மற்றவர்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருபவை. ‘மொட்டைக்கறுப்பன் அரிசி’ என்று தட்டி ஒரு இடைவெளி விட்டு, பிறகு ‘அ’, ‘க’, ‘வி’ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். வருவதையெல்லாம் எழுதுங்கள். ஒன்றுமே வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்: தமிழில் அதைத் தேடுகிறவர் குறைவு. ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள்.

அடுத்து, முடிவுப் பக்கத்தின் நடுவில் ‘மற்றவர்கள் கேட்பவை’ என்று கேள்விகள் வரும். அடியில் தொடர்புள்ள தேடல்கள் வரும். இந்தக் கேள்விகளே உங்கள் தளத்தில் நீங்கள் பதில் எழுதவேண்டிய கேள்விகள்.

யூரியூப்பிலும் அதே சொல்லைப் போடுங்கள். சமையல் சார்ந்த பொருளுக்கு நம்மவர் வாசிப்பதைவிடப் பார்ப்பதே அதிகம். ஒடியல் கூழ் காய்ச்சும் காணொளிகளின் கீழ் ‘ஒடியல் மா எங்கே வாங்கலாம்’ என்று யாராவது கேட்டிருந்தால், அது இனாமாகக் கிடைத்த தேடல் சொல்.

குரலில் தேடுகிறவர்களையும் மறக்கவேண்டாம். கூகுளின் குரல் தேடலில் தமிழுக்கு இலங்கை என்ற தனித் தெரிவே இருக்கிறது. எழுதத் தயங்கும் வயதானவர்கள் போனிடம் பேசியே தேடுகிறார்கள். பேசும்போது சொல் நீளும்: ‘பூநகரியில நல்ல கருவாடு எங்க வாங்கலாம்’. இப்படியான முழு வசனங்களையும் பட்டியலில் சேருங்கள்.

எண்ணிக்கை காட்டும் கருவிகளும் உண்டு. கூகுள் விளம்பரக் கணக்கு திறந்தால் கீவேர்ட் பிளானர் கிடைக்கும். விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்கு அது மாதத் தேடலைத் துல்லியமாகச் சொல்லாமல் ‘10 முதல் 100 வரை’ என்பதுபோல் விரிவாகவே காட்டும். இலங்கை, கனடா என்று நாட்டை மாற்றிப் பார்க்கலாம்; ஒரே சொல்லுக்கு எந்த நாட்டில் ஆள் இருக்கிறது என்பது தெரியவரும். கூகுள் ட்ரெண்ட்ஸ் தேடலின் எண்ணிக்கையைச் சொல்லாது. 0 முதல் 100 வரையான ஒப்பீட்டு அளவில் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். ‘கருவாடு’ போன்ற பொதுச் சொல்லுக்கு அது உதவும். நம்முடைய சின்னச் சொற்களுக்குத் தரவு போதாது என்று கைவிரிக்கும். அதற்காகச் சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம். மாதம் ஐந்து பேர் தேடி இரண்டு பேர் வாங்கினால் சிறுவியாபாரத்துக்கு அது நல்ல சொல்.

படி 5: தேடுகிறவரின் எண்ணத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் எண்ணம் இருக்கிறது. நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

அறிய வருகிறவர்: ‘மொட்டைக்கறுப்பன் அரிசி என்றால் என்ன’, ‘ஒடியல் கூழ் செய்வது எப்படி’.
ஒப்பிட வருகிறவர்: ‘புட்டுக்கு எந்த அரிசி நல்லது’, ‘கௌதாரிமுனை தங்குமிடங்கள்’.
வாங்க வருகிறவர்: ‘மொட்டைக்கறுப்பன் அரிசி 5 கிலோ விலை’, ‘பனங்கட்டி ஓடர்’.
குறிப்பிட்ட கடையைத் தேடி வருகிறவர்: உங்கள் கடைப் பெயரையே தட்டுகிறவர்.

வாங்க வருகிறவருக்கு விலையும் ஓடர் வழியும் உள்ள பக்கம் வேண்டும். அவருக்குப் பாரம்பரிய நெல்லின் பெருமையைப் பத்துப் பந்தியில் எழுதினால் திரும்பிப் போய்விடுவார். அறிய வருகிறவருக்குக் கட்டுரையோ செய்முறையோ வேண்டும். அவரிடம் உடனே விலைப் பட்டியலை நீட்டினால் அவரும் போய்விடுவார். எது என்ற சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைக் கூகுளில் போட்டு முதல் பத்து முடிவுகளைப் பாருங்கள். எல்லாம் செய்முறையாக இருந்தால் கூகுள் அந்தச் சொல்லை அறிய வருகிறவரின் சொல்லாகக் கணக்கெடுத்திருக்கிறது என்று பொருள். அதற்கு விற்பனைப் பக்கம் போட்டு வெல்வது கடினம்.

படி 6: மூன்று கேள்வியால் வடிகட்டுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி போடுங்கள்.

அ. இதைத் தட்டுகிறவர் வாங்கக்கூடியவரா?
ஆ. அவர் கேட்பதை என்னால் இன்று கொடுக்க முடியுமா?
இ. முதற்பக்கத்தில் இப்போது இருப்பவர்களை என்னால் முந்த முடியுமா?

அரிசி விற்கும் சிறு தளம் ஒன்றுக்கு இப்படி வரலாம்:

• அரிசி விலை: 0 + 1 + 0 = 1
• சிவப்பரிசி நன்மைகள்: 1 + 1 + 0 = 2
• மொட்டைக்கறுப்பன் அரிசி கனடா: 2 + 0 + 1 = 3
• மொட்டைக்கறுப்பன் அரிசி வாங்க: 2 + 2 + 1 = 5
• பூநகரி மொட்டைக்கறுப்பன் புட்டு மா: 2 + 2 + 2 = 6

கனடாச் சொல்லுக்கு ஆள் இருக்கலாம். ஆனால் நீங்கள் கனடாவுக்கு அனுப்புவதில்லை என்றால் ‘ஆ’வுக்குப் பூச்சியம். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் சொல் இப்போதைக்கு நமக்கு வேண்டாம்.

‘இ’ கேள்விக்கு விடை காண முதற்பக்கத்தைப் பார்த்தாலே போதும். பெரிய இணையக் கடைகளும் செய்தித்தளங்களும் நிறைந்திருந்தால் 0. பழைய பேஸ்புக் பதிவுகளும் பொருளோடு சம்பந்தமில்லாத பக்கங்களும் வந்தால் 2; அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. தமிழில் தேடும்போது இன்னொரு போட்டியும் உண்டு. பாரம்பரிய அரிசி, கருவாடு, கருப்பட்டி என்று பொதுவாகத் தேடினால் தமிழ்நாட்டுத் தளங்கள் முன்னால் நிற்கும். அவர்கள் நமக்கு முன்பே பெரிதாகத் தொடங்கியவர்கள். ‘இலங்கை’, ‘வன்னி’, ‘பூநகரி’ என்று இடத்தைச் சேர்த்தால் அந்தப் போட்டியிலிருந்து விலகிவிடலாம்.

‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லைச் சேர்க்கலாமா? வெளிநாட்டில் வடபகுதிப் பொருளையெல்லாம் யாழ்ப்பாணத்துப் பொருள் என்றே தேடுகிறார்கள். ‘யாழ்ப்பாணத்துக்கு டெலிவரி உண்டு’, ‘யாழ்ப்பாணத்துச் சமையலுக்கு ஏற்றது’ என்று எழுதலாம், அவை உண்மை. பூநகரியில் விளைந்ததை யாழ்ப்பாணத்தில் விளைந்தது என்று எழுதக்கூடாது. மொட்டைக்கறுப்பனுக்குப் பூநகரி என்ற பெயரே மதிப்பு. அதை நாமே மறைக்கக்கூடாது.

5, 6 புள்ளி பெற்ற சொற்கள் முதற் சுற்றுக்கு. 3, 4 பிறகு. மற்றவற்றை வெட்டிவிடுங்கள்.

படி 7: ஒரு பக்கத்துக்கு ஒரு சொல்

தெரிந்தெடுத்த சொற்களை எல்லாம் முகப்புப் பக்கத்தில் திணிப்பது வழக்கமான தவறு. ஒரு முக்கிய சொல்லுக்கு ஒரு பக்கம். அதே எண்ணத்தோடு வரும் கிளைச் சொற்கள் அதே பக்கத்துக்குள் போகட்டும். ‘மொட்டைக்கறுப்பன் அரிசி வாங்க’, ‘மொட்டைக்கறுப்பன் அரிசி விலை’ இரண்டும் ஒரே பக்கம். ‘புட்டு மா’ வேறு பக்கம்.

சொல் வரவேண்டிய இடங்கள்: பக்கத் தலைப்பு, பக்கத்தின் உள்ளே பெரிய எழுத்துத் தலைப்பு, முதற் பந்தி, ஏதாவது ஒரு துணைத்தலைப்பு, படத்துக்கான விளக்க வரி. ஒரு மாதிரி:

பக்கத் தலைப்பு: மொட்டைக்கறுப்பன் அரிசி | பூநகரி வயலிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு

முதற் பந்தி: பூநகரியில் பெரும்போக மழையை நம்பி விளைந்த மொட்டைக்கறுப்பன் அரிசி. தவிடு நீக்காதது. 1, 5, 10 கிலோ பைகளில் உண்டு. யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்புக்குக் கூரியரில் அனுப்புகிறோம். மொட்டைக்கருப்பன் என்று எழுதுவோரும் உண்டு, அரிசி ஒன்றுதான்.

பட விளக்கம்: 5 கிலோ பையில் பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி

தமிழ் எழுத்துகள் அகலமானவை. தேடல் முடிவில் நீளத் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். அதனால் முக்கிய சொல்லைத் தலைப்பின் தொடக்கத்தில் வையுங்கள். கடைப் பெயர் கடைசியில் வரட்டும். பக்க முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பது வசதி. தமிழில் வைத்தால் கூகுளுக்குப் பிரச்சினையில்லை. ஆனால் அந்த இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது பெரும்பாலும் வீதக் குறிகளும் எண்களுமாக நீண்டு, பார்ப்பவர் தொடவே பயப்படுவார்.

இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது: பாமினி எழுத்துரு. அச்சகங்களில் இன்றும் பல வேலைகள் பாமினியில்தான் நடக்கின்றன. பாமினியில் அடித்தது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும்; கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துக் குவியல். கூகுளால் அதைத் தமிழாக வாசிக்க முடியாது. அச்சகத்தில் கிடைத்த விளக்கப் பத்திரத்தை அப்படியே தளத்தில் ஏற்றினால் உங்கள் தேடல் சொல் ஒன்றுகூட அங்கே இல்லை என்றே பொருள். சோதிப்பது எளிது: ஒரு வரியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழ் வந்தால் அது கூகுள் வாசிக்கக்கூடிய யூனிகோட் எழுத்து. புரியாத எழுத்துகள் வந்தால் மாற்றித் திரும்ப அடிக்கவேண்டும். விளம்பரப் படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் நம்பாதீர்கள். விலை, ஊர், பொருள் பெயர் எல்லாம் படத்துக்கு வெளியிலும் எழுத்தாக இருக்கவேண்டும்.

படி 8: வரைபடத்தில் உங்களைப் பதியுங்கள்

உணவகம், தங்குமிடம், திருத்தகம், பலசரக்குக் கடை வைத்திருப்பவர்களுக்கு இணையத்தளத்தைவிட முக்கியமானது கூகுள் பிஸ்னஸ் புரொபைல். இது இலவசம். ‘கிட்ட’ என்ற தேடலுக்கு யாரைக் காட்டுவது என்பதைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்தே தீர்மானிப்பதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில்.

தொழில் வகையைச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். விவரணையில் ‘ஏ32 வீதியில், சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி’ என்பதுபோல் மக்கள் வழி சொல்லும் அடையாளத்தைச் சேருங்கள். வந்து போனவர்களிடம் கருத்து எழுதச் சொல்லுங்கள். ‘நண்டுக்கறி நல்லாயிருந்தது’ என்று ஒருவர் எழுதினால் அதுவும் பொருத்தத்துக்கு உதவும். கடையின் பெயருக்குள் மட்டும் தேடல் சொற்களைச் சொருகாதீர்கள். பலகையில் உள்ள பெயரே அங்கும் இருக்கவேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் கணக்கை முடக்கலாம்.

படி 9: காலத்தைப் பார்த்துப் போடுங்கள்

நம் பொருட்களுக்குப் பருவம் உண்டு, தேடலுக்கும் உண்டு. தைப்பொங்கலுக்கு முன் புக்கைக்கு அரிசி தேடுவார்கள். பெரும்போக அறுவடை முடிந்ததும் ‘புது அரிசி’ தேடுவார்கள். மார்கழி, தையில் பனங்கிழங்கு. ஆடிப்பிறப்புக்குக் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் பனங்கட்டி. ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறை விட்டு, நல்லூர்த் திருவிழாவும் வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தங்குமிடம்.

புதிய பக்கத்தைக் கூகுள் கண்டெடுத்து இடம் கொடுக்க வாரக்கணக்கில் ஆகலாம். எனவே பருவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பக்கம் தயாராக இருக்கவேண்டும். ஆடிப்பிறப்புக்கு முதல்நாள் போட்டால் அடுத்த ஆடிக்குத்தான் உதவும். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பக்கம் திறக்காமல் பழைய பக்கத்தையே விலை மாற்றிப் புதுப்பியுங்கள். அது சேர்த்துவைத்த மதிப்பு வீணாகாது.

படி 10: அளந்து பாருங்கள்

தளத்தைக் கூகுள் சேர்ச் கொன்சோலில் பதியுங்கள். இதுவும் இலவசம். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் அமத்தினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதை அது 16 மாதத்துக்குச் சேர்த்துவைக்கும். மிக அரிதாகத் தேடப்படும் சொற்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடும். பட்டியலைக் கூட்டினால் மொத்தத்தோடு பொருந்தவில்லையே என்று குழம்பவேண்டாம்.

மாதம் ஒருமுறை மூன்று விஷயம் பாருங்கள்:

• அதிகம் காட்டப்பட்டும் யாரும் அமத்தாத சொல்: தலைப்பு கவரவில்லை, அல்லது எண்ணம் பொருந்தவில்லை. தலைப்பை மாற்றுங்கள்.
• 8 முதல் 20 வரையான இடத்தில் நிற்கும் சொல்: கொஞ்சம் தள்ளினால் மேலே வரும். அந்தப் பக்கத்தில் விவரம், படம், கேள்விபதில் கூட்டுங்கள்.
• நீங்கள் நினைக்காத புதுச் சொல்: அதற்குத் தனிப் பக்கம் வேண்டுமா என்று யோசியுங்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் ஓடர் கொப்பியோடு ஒப்பிடுங்கள். வருகை கூடியும் ஓடர் கூடவில்லை என்றால் தவறான ஆட்களை அழைத்திருக்கிறீர்கள்.

செய்யக்கூடாதவை

• ஒரே சொல்லை வரிக்கு வரி திரும்ப எழுதுவது. கூகுளின் விதிப்படி இது குப்பை. பக்கம் பின்னுக்குத் தள்ளப்படும்.
• பக்கத்தின் மறைகுறியில் ‘கீவேர்ட்ஸ்’ என்ற பெட்டியை நிரப்பக் காசு கொடுப்பது. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது.
• ‘ஒரு வாரத்தில் முதலிடம்’ என்று உத்தரவாதம் தருகிறவரை நம்புவது. அந்த உத்தரவாதத்தை யாராலும் கொடுக்க முடியாது.
• தமிழ்ப் பக்கத்தை இயந்திரத்தால் சிங்களத்துக்கு மாற்றி, தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் போடுவது. அந்த மொழியில் தேடுகிறவரின் சொல்லை அந்த மொழி பேசுகிறவரிடம்தான் கேட்கவேண்டும்.
• விற்றுத் தீர்ந்த பொருளுக்குப் பக்கத்தை அழிப்பது. ‘அடுத்த அறுவடைக்குப் பதிவு செய்யுங்கள்’ என்று எழுதி வட்ஸ்அப் இணைப்பைக் கொடுங்கள்.

முதல் நான்கு வாரம்

முதல் வாரம் வட்ஸ்அப்பையும் போன் அழைப்புகளையும் பார்த்துச் சொல் பொறுக்குங்கள். இரண்டாம் வாரம் கூகுளில் போட்டுப் பார்த்துப் புள்ளி போடுங்கள். மூன்றாம் வாரம் அதிகப் புள்ளி பெற்ற மூன்று சொல்லுக்கு மூன்று பக்கம் எழுதுங்கள். நான்காம் வாரம் வரைபடப் பதிவையும் சேர்ச் கொன்சோலையும் முடியுங்கள். பிறகு மூன்று மாதம் பொறுத்திருங்கள். நாளாந்தம் திறந்து பார்த்து மனம் உடையவேண்டாம்.

விளம்பரத்துக்குக் கொட்டப் பணம் இல்லாத வியாபாரிக்குக் கூகுளில் கிடைக்கும் அனுகூலம் இது ஒன்றுதான்: பெரிய கடைகள் குனிந்து பார்க்காத சின்னச் சொற்கள். பூநகரியின் அரிசிக்கும் மாவுக்கும் கருவாட்டுக்கும் அப்படிப்பட்ட சொற்கள் பல இன்னும் ஆளில்லாமல் கிடக்கின்றன. வேறொருவர் வந்து பிடிக்குமுன் உங்கள் மூன்றை இந்த மாதமே பிடித்துவிடுங்கள்.